தோற்ற பிள்ளையின் வாயில்

(மயிலத்தில் நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



2018-ஆம் ஆண்டில், செஞ்சியை அடுத்த பெருவளூரில், பன்னிரண்டாம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற மாணவி ஒருத்தி, மருத்துவ நுழைவுத் தேர்வின் முடிவு வெளியானபின் உயிர் நீத்தாள். இத்தகைய மரணத்திற்குக் காரணம் ஒன்றன்று, பலவாம். ஆயினும் இல்லத்தார் செய்யத்தக்கன உள.

தேர்வு முடிவு வரும் நாளில் பெற்றோருள் ஒருவர் பிள்ளையின் அருகிருத்தல் வேண்டும். அயல்வீட்டுப் பிள்ளையொடு ஒப்பிட்டுப் பேசலாகாது. துணைத் தேர்வு உண்டென உணர்த்துக. உணவும் உறக்கமும் குன்றி, 'நான் உங்கட்குச் சுமை' என்னும் பிள்ளையிடம், 'இறந்துவிட வேண்டுமென்று தோன்றுகின்றதா?' எனப் பரிவோடு நேரே வினவுக. வினவுவதால் அவ்வெண்ணம் முளைப்பதில்லை. நெஞ்சின் பாரமே குறையும்.

நம்மிற் பலர் உழவர். பயிர்மருந்தை வீட்டு மூலையில் வையாது, பூட்டித் திறவுகோலைப் பெரியவரே வைத்துக்கொள்க. உயிர்விடத் தூண்டும் வேகம் பெரும்பாலும் சிறுபொழுதே நிற்பது. அப்பொழுதைக் கடத்தினால் உயிர் பிழைக்கும். 14416 என்னும் தொலைபேசி எண்ணில் அரசின் மனநல ஆலோசனை இரவும் பகலும் கிடைக்கும்.

முதன்மை பெற்ற பிள்ளைகளை மேடையேற்றிப் பரிசளிக்கின்றோம்; தோற்ற பிள்ளையின் வாயிலை நம்மில் எவர் மிதித்தோம்? குலத்தின் மானம் மதிப்பெண்ணில் இல்லை. இவ்வாண்டு முதல் அவ்வாயிலுக்கும் செல்வோமாக!