நாலு நாற்காலி காலியாக இருந்த கதை

(தோட்ட இளைஞர் யுவதிகள் யாழ்ப்பாணம் வந்திருந்தபோது நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



விடிய விடிய பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருக்கிறீர்கள். நல்லூரைப் பார்த்தாச்சு, நூலகத்தைப் பார்த்தாச்சு, கீரிமலையில் குளிச்சாச்சு. இனி கொஞ்ச நேரம் எங்களோடு இருங்கள். நூறு வருசத்துக்கு முந்தி இந்த ஊரில் உங்களைப் போன்ற வயசுப் பிள்ளைகள் செய்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் நாம் பேசப்போகிறோம்.

1924இல் இங்கே மாணவர் காங்கிரஸ் என்று ஒன்று தொடங்கியது. பிறகு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்றது. ஹன்டி பேரின்பநாயகம் என்ற இளம் ஆசிரியரும் அவரைப் போன்ற ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து நடத்தினார்கள். மாநாடு கூட்டுவார்கள். ஒருத்தர் தீர்மானம் கொண்டுவருவார், இன்னொருத்தர் எழும்பி எதிர்த்துப் பேசுவார், கடைசியில் எல்லாருமாக முடிவெடுப்பார்கள். தீண்டாமை ஒழியவேண்டும் என்றார்கள். சொன்னதோடு நிற்காமல் சாதி பாராமல் கூட இருந்து சாப்பிட்டார்கள். இன்றைக்கு இது சின்ன விசயம் மாதிரித் தெரியும். பள்ளிக்கூடத்தில் சில பிள்ளைகள் வாங்கில் இருக்கக்கூடாது, தரையில்தான் இருக்கவேண்டும் என்றிருந்த காலம் அது. 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்ததும் இந்தப் பிள்ளைகள்தான். அதே பயணத்தில் காந்தி மலையகத்துக்கும் வந்து போனார்.

அந்தக் காலத்தில் நாட்டில் நூற்றுக்குச் சுமார் நாலு பேருக்குத்தான் வாக்கு. சொத்து, வருமானம், படிப்பு உள்ள ஆம்பிளைகளுக்கு மட்டும். டொனமூர் ஆணைக்குழு வந்து, 21 வயதான ஆண்களுக்கும் 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கும் வாக்குக் கொடுக்கலாம் என்றது, பிறகு பெண்களுக்கும் 21 வயது என்றானது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெரியவர்களே அது கூடாது என்று எதிர்த்தார்கள். கூலிக்காரனுக்கும் அடுப்படியில் நிற்கிற பொம்பிளைக்கும் வாக்கா என்ற எண்ணம் பலருக்கும் இருந்தது. ஆனாலும் வந்தது. 1931இல் முதல் தேர்தல்.

வாலிபர் காங்கிரஸ்காரர்கள் வாக்குரிமைக்கு எதிரிகள் அல்ல. அவர்களுடைய கோபம் வேறு. டொனமூர் திட்டத்தில் முழுச் சுயராச்சியம் இல்லையே, கடைசி அதிகாரம் வெள்ளைக்காரத் தேசாதிபதி கையில்தானே இருக்கு என்று கேட்டார்கள். 1931 ஏப்ரலில் கூடிய மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து கமலாதேவி சட்டோபாத்தியாய தலைமை தாங்க வந்தார். தேர்தலைப் பகிஷ்கரிப்பது என்று முடிவானது. மே 4ஆம் திகதி வேட்புமனு நாள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என்ற நாலு தொகுதிக்கும் ஒருத்தர்கூட மனுக் கொடுக்கவில்லை. போட்டியிட ஆசைப்பட்ட பெரிய மனுசர்களும் பின்வாங்கினார்கள். வாத்தியார்மாரும் படிக்கிற பிள்ளைகளும் பேசிப் பேசியே சாதித்தார்கள், அடிதடி இல்லை. யோசித்துப் பாருங்கள், எவ்வளவு பெரிய வேலை!

பிறகு என்ன நடந்தது? தெற்கிலும் இப்படிச் செய்வார்கள் என்று எதிர்பார்த்தார்கள். அங்கே சிலர் பாராட்டினார்கள், பின்னால் யாரும் வரவில்லை. 50 பேர் தெரிவாகவேண்டிய அரசாங்க சபையில் நாலு நாற்காலி காலி. 1934இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை, மூன்று வருசம், காலியாகவே கிடந்தன. அதே சபையில் அட்டனிலிருந்து போட்டியின்றித் தெரிவான பெரி சுந்தரம் தொழில் அமைச்சராக இருந்தார். நம்முடைய மலையகத்து ஆள் உள்ளே, யாழ்ப்பாணம் வெளியே! இதை இங்கே படித்தவர்களிடம் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கும். பரவாயில்லை.

அந்த வாலிபர்களை நாம் குறை சொல்ல வரவில்லை. அவர்கள் கேட்டது நியாயம். ஆனால் ஒன்று மனசை உறுத்துகிறது. அந்த வருசம்தான் முதன்முதலாகக் கள் இறக்குகிறவருக்கும், வயலில் கூலிக்கு நிற்கிறவருக்கும், அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் வாக்கு வந்தது. பெட்டிதான் வரவில்லை. அவர்களிடம் போய், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

இன்னொரு பகிஷ்கரிப்பும் இந்த மண்ணில் நடந்தது. 2005 ஜனாதிபதித் தேர்தலைப் புறக்கணிக்கச் சொல்லி விடுதலைப் புலிகள் தரப்பில் நெருக்குதல் வந்தது. அப்போது மாநாடு இல்லை, எழும்பி எதிர்த்துப் பேச ஆளும் இல்லை, பயம்தான் இருந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை. நாடு முழுவதிலும் வெற்றிக்கும் தோல்விக்கும் இருந்த வித்தியாசம் சுமார் 1 இலட்சத்து 80 ஆயிரம் வாக்கு. 1931ஐயும் 2005ஐயும் ஒரே தராசில் வைக்கமுடியாது. ஒன்றில் பிள்ளைகள் தாங்களே பேசி முடிவெடுத்தார்கள்.

இது எங்களுக்கு எதுக்கு என்று நீங்கள் கேட்கலாம். யாழ்ப்பாணத்தார் வாக்கைத் தாங்களாக வேண்டாம் என்றார்கள். நம்மிடமிருந்து பிடுங்கினார்கள். 1931இலும்கூட தோட்டத்து ஆட்களுக்கு நிபந்தனை போட்டுத்தான் கொடுத்தார்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம், 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம். 1952 தேர்தலில் நம்முடைய பாட்டன் பாட்டிமாரில் மிகப் பெரும்பாலோர் வேடிக்கை பார்த்தார்கள். மிச்சமிருந்தவர்களின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003வரை சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அப்படித் திரும்பி வந்த வாக்கு இது.

போன தடவை ஒரு லயத்தில் படிவம் நிரப்ப உதவிக்குப் போயிருந்தோம். 22 வயசுத் தங்கச்சி ஒருவருக்கு இடாப்பில் பேர் இல்லை. அப்பா சொல்றார், "தலைவர் பதிஞ்சிருப்பாருன்னு நெனச்சேன்." தலைவர் சொல்றார், "அவங்களே பதிஞ்சிருப்பாங்கன்னு நெனச்சேன்." செக்ரோலில் பேர் விழாவிட்டால் கொழுந்து எடுத்தும் சம்பளம் இல்லை என்று நமக்குத் தெரியும். அதற்கு மட்டும் கணக்கப்பிள்ளையோடு சண்டை போடுவோம். வாக்காளர் இடாப்புக்கு ஏன் போடுவதில்லை?

பிரதேச சபையைப் பாருங்கள். 1987 சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள்ளே சபைப் பணம் செலவழிக்கமுடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாக்குக் கேட்க வரலாம், ரோட்டுப் போட வரமுடியாது! 2018இல்தான் அது திருத்தப்பட்டது. இப்போது வேட்பாளர் பட்டியலில் நாலில் ஒரு பங்கு இளைஞர்கள் இருக்கவேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. 2025 உள்ளூராட்சித் தேர்தலில் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி சரியில்லை என்று நாட்டில் பல மனுக்களைத் தள்ளிவிட்டார்கள். சிலர் நீதிமன்றம் போய்த்தான் திரும்ப உள்ளே வந்தார்கள். உங்களில் எத்தனை பேரிடம் சான்றிதழ் இருக்கு? எத்தனை பேருக்கு அது அம்மாவுடைய தகரப் பெட்டியில் கரையான் தின்னக் கிடக்கு?

வீட்டுக்குப் போனதும் அதைத் தேடி எடுங்கள். இல்லாதவர்கள் பேரை இன்றைக்கே எங்களிடம் கொடுங்கள், எழுதிக்கொள்கிறோம். பஸ் நாலு மணிக்குத்தான். அதுவரை கேள்வி கேட்கலாம், நாம் சொன்னதை எழும்பி எதிர்த்தும் பேசலாம். முதல்ல பின் வரிசையில் இருக்கிற தங்கச்சிமார் பேசட்டும்.