பொழுதுபோக்காக விஞ்ஞானம் சொன்னவர்

குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் விஞ்ஞானம் எழுதுவதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்ட யாகோவ் பெரல்மான் என்ற ரஷ்ய எழுத்தாளரைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

இன்று போலந்தில் உள்ள பியாலிஸ்டாக்கில் 1882-ல் பிறந்தார். மறு வருஷமே தந்தை காலமாக, பள்ளி ஆசிரியையான தாயார் வளர்த்தார். 1899-ல், நெருப்பு மழை பெய்து உலகம் அழியப் போவதாகப் புரளி கிளம்பியது. அவை வெறும் எரிகற்களே என்று விளக்கிப் பத்திரிகைக்கு எழுதினார், மாணவரான பெரல்மான். அதுதான் அவருடைய முதல் கட்டுரை. 1962-ல் அஷ்டக்கிரகச் சேர்க்கையின்போது நம் தேசத்தில் பரவிய பீதி என் வயதொத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

பட்டம் பெற்றது வனவியலில். 1913-ல் வெளிவந்த 'பொழுதுபோக்கு பௌதிகம்' அவருக்குப் பெரும்புகழ் தந்தது. பிறகு கணிதம், வானவியல், அல்ஜீப்ரா என்று சுமார் நூறு நூல்கள். சோவியத் பதிப்பகங்கள் வழியே தமிழிலும் அவர் வந்தார். புதிய விதி எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தார்.

ஓர் உதாரணம். பானத்தைச் சீக்கிரம் குளிர்விக்க, பாத்திரத்தை ஐஸ் மேல் வைப்பதா, ஐஸைப் பாத்திரத்தின் மேல் வைப்பதா? மேலே வைப்பதே சரி. குளிர்ந்த திரவம் கனத்துக் கீழே இறங்கும். வெதுவெதுப்பானது மேலே வரும். இதற்கு லேபரட்டரி வேண்டாம், சமையலறை போதும்.

1935-ல் லெனின்கிராடில் அவர் முயற்சியால் விஞ்ஞானக் காட்சிசாலை ஒன்று திறக்கப்பட்டது. குழந்தைகள் பொருள்களைத் தொட்டுப் பார்க்கலாம், இயக்கலாம். 1941-ல் ஜெர்மானியப் படை அந்நகரை முற்றுகையிட்டது. அப்போதும், கருவிகள் இல்லாமல் திசையும் தூரமும் அறிவது எப்படி என்று வீரர்களுக்குப் பாடம் நடத்தினார். 1942 ஜனவரியில் மனைவியும், மார்ச் 16-ல் அவரும் பட்டினியால் மாண்டனர். சந்திரனின் மறுபக்கத்தில் ஒரு பள்ளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் வீட்டுக் குழந்தைகள் கோச்சிங் வகுப்பில் சூத்திரங்களை உருப்போட்டு நுழைவுத் தேர்வில் தேறிவிடுகிறார்கள். 'ஏன்' என்று கேட்க அவர்களுக்கு அவகாசம் இல்லை. அவகாசம் உள்ள தாத்தா பாட்டிகள் நாம்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை பேரன் பேத்திகளிடம் அந்த ஐஸ் கேள்வியைக் கேளுங்கள். விடையை மட்டும் உடனே சொல்லிவிடாதீர்கள்.