உணவு ஒவ்வாமைக்குப் புதிய மருந்துகள்: நாம் தெரிந்திருக்க வேண்டியவை

(தாய்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



“சேர், சாப்பாட்டு அலர்ஜிக்கு அமெரிக்காவில் ஊசி வந்துவிட்டதாமே, அதைப் போட்டால் பிள்ளை எதையும் சாப்பிடலாமா?” என்று போனில் பார்த்துவிட்டுச் சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

நம் உடம்பில் கிருமிகளோடு சண்டை போட ஒரு காவல் இருக்கிறது. சிலருக்கு அந்தக் காவல் முட்டை, பால், இறால், கச்சான் போன்ற நல்ல சாப்பாட்டையே எதிரி என்று நினைத்துக்கொள்கிறது. அதுதான் ஒவ்வாமை. இதற்கு உடம்பில் ஐஜிஈ என்ற ஒரு பொருள் காரணமாக இருக்கிறது.

அந்தப் பொருளைப் பிடித்து அடக்கும் ஊசியின் பெயர் ஒமாலிசுமாப். 2003இல் ஆஸ்துமாவுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2024 பெப்ரவரியில் உணவு ஒவ்வாமைக்கும் ஒரு வயதுக்கு மேற்பட்டோருக்கு அனுமதி கிடைத்தது. இரண்டு அல்லது நான்கு கிழமைக்கு ஒருதரம் போட வேண்டும். கச்சான் ஒவ்வாமை உள்ளவர்களிடம் பரிசோதித்தபோது, ஊசி போட்ட 100 பேரில் 67 பேர் இரண்டு மூன்று கச்சான் பருப்பு அளவைத் தாங்கினார்கள். வெறும் ஊசி போட்டவர்களில் 7 பேர்தான் தாங்கினார்கள்.

கவனியுங்கள், இரண்டு மூன்று பருப்புத்தான். ஒரு சரை கச்சான் அல்ல. தெரியாமல் கொஞ்சம் வாய்க்குள் போய்விட்டால் ஆபத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். ஒவ்வாத சாப்பாட்டை அதற்குப் பிறகும் தவிர்க்கத்தான் வேண்டும்.

இன்னொரு முறையும் உண்டு. கச்சான் மாவை மிகச் சிறிய அளவில் தொடங்கி, பல மாதங்களில் கூட்டிக்கொண்டு போவது. இதற்கு 2020இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இதைக் கேட்டுவிட்டு, “அப்ப நாமும் வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்குவோம்” என்று யாரும் நினைக்க வேண்டாம். அங்கே முதல் அளவைக் கொடுக்கும்போதும், கூட்டும் ஒவ்வொரு முறையும், டொக்டர் பக்கத்தில் நிற்கிறார். லயத்துக் குசினியில் அதைச் செய்தால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து.

அவசரத்தில் உயிரைக் காப்பாற்றுவது இந்தப் புதிய மருந்துகள் அல்ல. நூறு வருடத்துக்கு மேலாகப் பாவனையில் உள்ள அட்ரினலின் ஊசிதான். தொடையின் வெளிப்பக்கத்தில் போடுவார்கள். 2024 ஓகஸ்டில் இதை மூக்கில் அடிக்கும் மருந்தாகவும் அமெரிக்கா அனுமதித்தது. நமக்கு ஆஸ்பத்திரி ஊசியே போதும், நேரத்துக்குப் போனால்.

சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் உடம்பு தடித்து, உதடு நாக்கு வீங்குகிறதா? மூச்சு இழுக்கிறதா, குரல் அடைக்கிறதா, திரும்பத் திரும்ப வாந்தியா, மயக்கமா? தாமதிக்க வேண்டாம். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வர முடியாத பாதை என்றால் தோட்டத்து வாகனத்தைக் கேளுங்கள். இரவென்றாலும் என் கதவைத் தட்டுங்கள். பிள்ளையைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் சாய்த்து உட்கார வையுங்கள். எழுந்து நடக்க விட வேண்டாம்.

பிரிட்டோன் குளிசை சொறியைக் குறைக்கும், மூச்சடைப்பைத் தீர்க்காது. அதைக் கொடுத்துவிட்டு விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். திருநீறு போடுவது உங்கள் நம்பிக்கை. போகிற வழியில் போடுங்கள். ஊசி போட்டுச் சுகமானதும் உடனே கூட்டிக்கொண்டு வரவும் கூடாது. சில மணித்தியாலம் கழித்துத் திரும்ப வரலாம். டொக்டர் சொல்லும்வரை வார்டில் இருங்கள்.

கடைசியாக ஒன்று. ஒருநாள் உடம்பு சொறிந்தது, “கிரந்தி” என்று முட்டையையும் பாலையும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். அதனால் பிள்ளையின் நிறைதான் குறையும். எதைச் சாப்பிட்டான், எவ்வளவு நேரத்தில் என்ன வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி, கிளினிக்கில் டொக்டரிடம் காட்டுங்கள். ஒவ்வாமை உண்டு என்று அவர் சொன்னால் பிள்ளை மடுவத்து அக்காவுக்கும் பாடசாலை ஆசிரியருக்கும் கட்டாயம் அறிவியுங்கள். நீங்கள் மலையில் கொழுந்தெடுக்கும் நேரத்தில் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுப்பது அவர்கள்தானே.