பற்றாக்குறையின் கணக்கு



“இவர்களுக்குச் சேமிக்கத் தெரியாது” என்று நம் சேரிகள்மீது சுமத்தப்படும் பழியை இந்த நினைவு நாளில் எடுத்துப் பேசுவோம்.

2013இல் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்டோர் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேருக்கு அறுவடைக்கு முன்னும் பின்னும் சிந்தனைத் திறன் சோதனை வைத்தார்கள். கையில் காசில்லாத நாட்களில் மதிப்பெண் குறைந்தது. கரும்புப் பணம் வந்தபின் அதே மனிதர்களுக்குக் கூடியது. பற்றாக்குறை மனதை அடைத்துக்கொள்கிறது என்றார்கள்.

மாதனூர், ஆம்பூர்ப் பக்கம் ஷூவின் மேல்பாகத்தை வீட்டிலிருந்தே ஜோடிக் கணக்கில் தைக்கும் நம் பெண்களைப் பாருங்கள். வேலை வந்தால்தான் கூலி; வாரத் தவணையோ காத்திருக்காது. நாளைய தவணை கண்முன் நிற்கையில் இன்னொரு கடன் வாங்குகிறார்கள். அதன் வட்டியை எண்ண மனதில் இடமில்லை. வெளியிலிருப்பவர் இதை அறியாமை என்கிறார்.

கரும்பு விவசாயிக்கு ஓர் அறுவடையாவது உண்டு. தோல்வேலையை இழிவாக்கி, நிலமும் இல்லாமல் சாதி நிறுத்திவைத்த நமக்கு அறுவடை எது?

ஆகவே, சேமிப்பு வகுப்புக்கு முன் நாம் கேட்க வேண்டியவை: குறித்த நாளில் நியாயமான கூலி, வீட்டுத் தையலுக்கும் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. புத்திமதி பிறகு வரட்டும்.

ஜெய் பீம்.