கம்ப்யூட்டர் ஏலம்: பட்டன் யார் கையில்?

(நெல் விவசாயிகள் ஆர்ப்பாட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2016 ஏப்ரல் 14-ஆம் தேதி மத்திய அரசு தேசிய வேளாண் சந்தை என்ற ஒன்றைத் தொடங்கியது. இ-நாம் என்கிறோமே, அதுதான். தொடங்கிய அன்று 8 மாநிலங்களில் 21 சந்தைகள். 2020 மே மாதம் ஆயிரத்தைத் தொட்டுவிட்டது. நம்ம ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களும் அதில் சேர்க்கப்பட்டன. என்ன சொன்னார்கள்? செஞ்சியில் நீ நெல்லைக் கொட்டு, டெல்லியில் இருக்கிற வியாபாரி செல்போனில் பார்த்து விலை போடுவான், போட்டி வரும், விலை ஏறும் என்றார்கள். கேட்க நல்லாத்தான் இருந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாம் கம்ப்யூட்டருக்கு எதிரி கிடையாது. துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசின காலத்தை நம்ம தாத்தாமார்கள் பார்த்தார்கள். வியாபாரி ரெண்டு பேர் விரலைப் பிடிப்பான், தலையை ஆட்டுவான். நெல்லுக்குச் சொந்தக்காரன் பேந்தப் பேந்த முழிப்பான். அதை ஒழிக்கத்தான் 1933-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. 1936-இல் திருப்பூரில் பருத்திக்கு முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் திறந்தார்கள். விவசாயியிடம் கமிஷன் பிடிக்கக்கூடாது, செஸ் வியாபாரி கட்ட வேண்டும், எடை சரியாக இருக்க வேண்டும். இதெல்லாம் சும்மா கிடைத்தது இல்லை தோழர்களே. பிறகு மறைமுக ஏலம் வந்தது. வியாபாரி சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போடுவான், அதிகம் எழுதினவனுக்கு நெல். இ-நாம் என்பது அந்தச் சீட்டை செல்போனுக்குள் கொண்டு போனதுதான். வாசலில் பதிவு, குவியலுக்கு ஒரு நம்பர், தரம் பார்த்தல், ஏலம், எடை, பில், பேங்கில் பணம். விலை பிடிக்கவில்லை என்றால் கொடுக்க முடியாது என்று சொல்லும் உரிமையும் உனக்கு உண்டு.

அப்புறம் என்னய்யா குறை என்று அதிகாரி கேட்கிறார். சொல்கிறேன்.

டெல்லிக்காரன் எங்கே? எத்தனை வருஷமாய்த் தேடுகிறோம்! அதே நாலு உள்ளூர் வியாபாரி, அதே வேப்பமரத்து நிழல், அதே டீ. முன்னே சீட்டு எழுதினவன் இப்போது பட்டனைத் தட்டுகிறான். வெளியூர்க்காரன் ஏன் வரவில்லை? நெல்லைக் கண்ணால் பார்க்காமல் வாங்க வேண்டும் என்றால், ஈரம் எவ்வளவு, கருக்காய் எவ்வளவு, கலப்பு எவ்வளவு என்று நம்பும்படியான ஒரு சான்று அவன் கையில் இருக்க வேண்டும். அறுவடை மாசத்தில் விடிவதற்குள் நூற்றுக்கணக்கான குவியல் வந்து இறங்குகிறது. ஒன்றிரண்டு ஊழியர் எத்தனை குவியலுக்கு மாதிரி எடுப்பார்? கம்ப்யூட்டர் வாங்கக் காசு ஒதுக்கினார்கள். தரம் பார்க்க ஆள் போட்டார்களா? இது இல்லாமல் திரை மட்டும் இருந்தால், அது வெறும் சினிமா.

இன்னொன்று லாரி வாடகை. நெல் என்ன ஏலக்காயா, ஒரு மூட்டையில் லட்ச ரூபாய் போக? தூரத்துக்கு ஏற்றினால் வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். அதனால் நெல்லை வாங்கப் போகிறவர் எப்போதும் பக்கத்து ரைஸ்மில்காரர்தான். அவர்கள் ஏலத்துக்கு முன்னால் பேசி வைத்துக்கொண்டால் எந்தக் கம்ப்யூட்டரால் கண்டுபிடிக்க முடியும்?

விலைக்கு வருவோம். 2025-26 பருவத்துக்குச் சாதா ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். தமிழக அரசு ஊக்கத்தொகை சேர்த்து 2,500 என்று அறிவித்தது. நம்ம பக்கத்து 75 கிலோ மூட்டைக்குக் கணக்குப் போடுங்கள். ஊக்கத்தொகையை விடுங்கள், ஆதார விலைக்கே 1,776 ரூபாய் 75 காசு வர வேண்டும். கூடத்தில் ஏலம் 1,550-க்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். மூட்டைக்கு 226 ரூபாய் போச்சு. ஏக்கருக்கு 25 மூட்டை என்றால் 5,600 ரூபாய்க்கு மேல் போச்சு! அறுப்பு மெஷின் வாடகையை எங்கிருந்து கொடுப்பது? சன்ன ரகம் சில வருஷம் ஆதார விலைக்கு மேலேயும் போகிறது, மறுக்கவில்லை. குண்டு நெல் போட்டவன் கதி என்ன என்பதுதான் கேள்வி. அரசு அறிவித்த விலைக்குக் கீழே அரசுக் கட்டடத்துக்குள், அரசு கம்ப்யூட்டரில் ஏலம் தொடங்குகிறது. இது எந்த ஊர் நியாயம்?

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கூடம், பெயர் வேண்டாம், அங்கே நெல்லை எடை போட்டு லாரியில் ஏற்றிய பிறகு வியாபாரி பணம் போடப் பத்து நாளுக்கு மேல் இழுத்தடித்தார். போய்க் கேட்டால் "சர்வர் வேலை செய்யவில்லை" என்றார்கள். நெல்லை ஏற்றும்போது மட்டும் சர்வர் நல்லா வேலை செய்கிறது!

சரி, நேரடி கொள்முதல் நிலையத்துக்குப் போகலாம் என்றால், 2021-லிருந்து அங்கேயும் ஆன்லைன் பதிவு. புரோக்கரைத் தடுக்க என்றார்கள். நோக்கம் சரி. ஆனால் சிட்டா வேண்டும், அடங்கல் வேண்டும். நிலம் யார் பெயரில் இருக்கிறது? குத்தகைக்காரன் பெயர் பதிவேட்டில் ஏற நில உடைமையாளர் விடுவாரா? 1969-இல் குத்தகைப் பதிவுச் சட்டம் வந்தும் வாய்ப்பேச்சுக் குத்தகைதான் இன்றும் நடக்கிறது. சேற்றில் இறங்கினவன் வி.ஏ.ஓ. வாசலில் நிற்கிறான், சிட்டா கையில் இருக்கிற வியாபாரி நம்மிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கி, உள்ளே போய் விவசாயி ஆகிவிடுகிறான். பதிவு பண்ணி டோக்கன் வாங்கினவர்களுக்கும் நிம்மதி இல்லை. 2025 அக்டோபரில் டெல்டாவில் கொள்முதல் நிலைய வாசலிலேயே நெல் முளைத்ததைப் பார்த்தோம். 17 சதவீத ஈரப்பதம் என்ற வரம்பை 22 ஆகத் தளர்த்தும்படி மாநில அரசே மத்திய அரசிடம் கேட்க வேண்டியிருந்தது. மழைக்கு ஆன்லைனில் டோக்கன் கொடுக்க முடியுமா?

இதையெல்லாம் காட்டி, "பார், அரசு சந்தை சரியில்லை, தனியாரிடம் விடு" என்கிறார்கள். இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். 2000-இல் மத்தியப் பிரதேசத்தில் ஐ.டி.சி. கம்பெனி கிராமத்தில் கம்ப்யூட்டர் வைத்து சோயா வாங்கத் தொடங்கியது, இ-சௌபால் என்று பெயர். எடை ஒழுங்கு, பணம் சீக்கிரம் என்று விவசாயிகள் போனார்கள். அதில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. ஆனால் வாங்குகிறவனே விலைப்பலகையும் வைத்திருக்கிற கடை அது. 2013-இல் என்ன நடந்தது? தேசிய ஸ்பாட் எக்ஸ்சேஞ்ச் என்ற தனியார் மின்னணுச் சந்தை ஜூலை கடைசியில் நின்றுபோனது. சுமார் 5,600 கோடி ரூபாய் பட்டுவாடா ஆகவில்லை. திரையில் இருந்த சரக்கு குடோனில் இல்லை!

2020 வேளாண் சட்டத்தில் பான் கார்டு இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் வாங்கலாம், கம்பெனிகள் மின்னணுச் சந்தை நடத்தலாம் என்று எழுதினார்கள். தகராறு என்றால் சிவில் கோர்ட்டுக்குப் போக முடியாது. டெல்லி எல்லையில் ஒரு வருஷம் பனியிலும் வெயிலிலும் உட்கார்ந்து, 2021 நவம்பரில் அதைத் திரும்பப் பெற வைத்தோம். 2024 நவம்பரில் வேளாண் சந்தைக் கொள்கை வரைவு என்று ஒன்றை வெளியிட்டார்கள். தனியார் மொத்தச் சந்தை, மின்னணு வர்த்தகத் தளம், ஒரே லைசென்ஸ் எல்லாம் அதிலும் இருக்கிறது. முன்வாசலில் துரத்தினது கொல்லைப்புறமாக வருகிறது.

நாம் கேட்பது என்ன? ஆதார விலைக்குக் கீழே தொகை போட்டால் கம்ப்யூட்டர் ஏற்கக்கூடாது. அது ஒன்றும் ராக்கெட் விடும் வேலை இல்லை. விலை படியாத நெல்லை அரசே எடுக்க வேண்டும். வியாபாரியின் பணம் முன்கூட்டியே கணக்கில் இருந்தால்தான் அவன் ஏலத்தில் உட்கார வேண்டும். ஒவ்வொரு கூடத்திலும் தரம் பார்க்க நிரந்தர ஊழியர் வேண்டும். குத்தகைக்காரன் சாகுபடி செய்கிறான் என்று ஊர் அறிந்தால் பதிவு கொடுக்க வேண்டும். தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிற நெல்லுக்கு குடோனும், அதன் பேரில் பொருளீட்டுக் கடனும் தட்டாமல் கிடைக்க வேண்டும்.

ஆர்ப்பாட்டத்துக்கு வரும்போது வெறும் கையோடு வராதீர்கள். இந்தப் போகத்தில் விற்ற பில், குவியல் நம்பர் எழுதிய சீட்டு, பேங்க் பாஸ்புக், மூன்றிலும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள். என்றைக்கு எடை போட்டார்கள், என்றைக்குப் பணம் ஏறியது என்று ஒவ்வொருவர் கணக்கையும் எழுதி மனுவோடு சேர்த்து கலெக்டர் மேசையில் வைப்போம். பில் கொடுக்காத கூடம் எது என்பதையும் எழுதுவோம். குத்தகைக்குச் செய்கிறவர்கள் தனி வரிசையில் பெயர் கொடுங்கள். அந்தப் பட்டியலைத்தான் முதலில் கொடுக்கப் போகிறோம்.