ஐ.டி. ஊழியருக்கும் சங்கமா?



பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் சங்கத்தைப் பற்றிப் பேசிப் பாருங்கள். "அதெல்லாம் ஃபேக்டரிக்குத்தான் சார்" என்பார்கள். 1918-லேயே பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் கண்ட ஊர் நம் சென்னை!

ஆனால் சட்டம் ஃபேக்டரி, ஐ.டி. என்று பிரித்துப் பார்க்கவில்லை. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டமே தொழில்நுட்ப வேலை செய்பவரையும் தொழிலாளர் என்றுதான் சொன்னது. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழக அரசும் 2016-இல் தெளிவுபடுத்தியது.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2015-இல் ஒரு பெரிய நிறுவனம் வெளியேற்றிய ஊழியர், சென்னைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார். அவர் தொழிலாளியே அல்ல என்றது நிறுவனம். நீதிமன்றம் பதவியின் பெயரை விட்டுவிட்டுச் செய்த வேலையைப் பார்த்தது. மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது. தீர்ப்பு வந்த ஆண்டு 2022. ஏழு வருஷம்! வீட்டுக் கடன் தவணையும் கட்டிக்கொண்டு, தனி ஆளாக எத்தனை பேரால் அத்தனை நாள் நிற்க முடியும்?

பெரும்பாலானோர் அதுவரைகூடப் போவதில்லை. எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு, "நீங்களே ரிசைன் பண்ணிடுங்க, ரிலீவிங் லெட்டர்ல பிரச்சினை வராது" என்பார்கள். கையெழுத்துப் போட்டால், காகிதத்தில் அது உங்கள் விருப்பம். ஆட்குறைப்புக்குச் சட்டம் சொல்லும் முன்னறிவிப்பையும், வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளத்தையும் பிறகு கேட்பது பெரும்பாடு. "இன்றைக்கே போடாதீர்கள், அவகாசம் கேளுங்கள்" என்று அந்த நேரத்தில் போனில் சொல்ல ஒருவர் வேண்டும். சங்கத்தின் முதல் பயன் அதுதான் என்பேன். சம்பள உயர்வெல்லாம் அப்புறம்.

குறைகளும் உண்டு. இத்துறையில் சங்க உறுப்பினர்கள் கொஞ்சம்பேர்தான்; நிறுவனங்கள் அவர்களைப் பேச்சுவார்த்தைக்கு அழைப்பதும் அரிது. பெயர் வெளியே தெரிந்தால் அப்ரைசலில் கை வைப்பார்களோ என்ற பயத்தையும் வீண்பயம் என்று தள்ள மாட்டேன். ஆகவே சேருமுன் கேளுங்கள்: உறுப்பினர் பட்டியல் யார் கையில் இருக்கிறது? எந்தக் கட்சியோடு தொடர்பு? இதுவரை எத்தனை வழக்கு நடத்தியிருக்கிறார்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் வேறு சங்கம் பாருங்கள்.

சேர்ந்தாலும் சேராவிட்டாலும், நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு இவற்றின் நகல்களை வீட்டில் வைத்திருங்கள். ஆபீஸ் லாக்-இன் முடங்கிய பிறகு அவற்றை எடுக்க வழியிருக்காது. வக்கீல் முதலில் கேட்பது அவற்றைத்தான்.