பங்கு வைக்கும் இடத்தில் யார்?
(பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



அமெரிக்கா என்றாலே சம உரிமை, சட்டத்தின் ஆட்சி என்று பலர் வாய் ஓயாமல் பேசுகிறார்கள். அந்த நாட்டில் ஏர் பிடித்த கறுப்பின மக்களுக்கு அரசு உதவியில் என்ன பங்கு கிடைத்தது என்று பார்ப்போமா?

அங்கே மாநிலத்துக்குக் கீழே ‘கவுண்டி’ என்றொரு பிரிவு உண்டு. நம்மூர் மாவட்டம் போல. விவசாயக் கடனுக்கும் மானியத்துக்கும் பணம் ஒதுக்குவது வாஷிங்டன். ஆனால் யாருக்குக் கொடுப்பது என்பதில் கவுண்டி அலுவலகமும், உள்ளூர் விவசாயிகள் ஓட்டுப்போட்டு அமைக்கும் கமிட்டியும் வைத்ததுதான் சட்டம். கேட்பதற்கு அழகான ஜனநாயகம்! ஆனால் தென்மாநிலங்களில் அந்த நாற்காலிகளில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்களே. கறுப்பின விவசாயியின் விண்ணப்பத்தை மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். விதைப்புப் பருவம் முடிந்தபின் வரும் கடனை வைத்து அவன் என்ன செய்வான்? கடைசியில் நிலம் ஏலத்துக்குப் போனது.

1920-ல் கறுப்பின விவசாயிகள் 9 லட்சத்துக்கும் அதிகம். 1997-ல் 20 ஆயிரம் பேர்கூட இல்லை! பட்டணத்துக்குப் பிழைக்கப் போனவர்கள் உண்டு. ஆனால் துரத்தப்பட்டவர்களும் உண்டு.

புகார் கொடுக்கவில்லையா? கொடுத்தார்கள். 1983-ல் ரீகன் ஆட்சியில் வேளாண் துறையின் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் பிரிவே கலைக்கப்பட்டது. மனுக்கள் ஆண்டுக்கணக்கில் தூங்கின. 1997-ல் வட கரோலினா விவசாயி டிமோதி பிக்ஃபோர்டும் தோழர்களும் நீதிமன்றப் படியேறினர். காலக்கெடு முடிந்துவிட்டது என்ற தடையை 1998-ல் சட்டம் போட்டு நீக்க வைத்தனர். 1999-ல் சமரசத் தீர்வு வந்தது. தலைக்கு 50,000 டாலரும் கடன் தள்ளுபடியுமாக 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பயன் பெற்றனர்.

சகோதரர்களே, இங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது. முன்பே புகார் செய்திருக்க வேண்டும். தன்னைப் போன்ற வெள்ளை விவசாயிக்கு என்ன கிடைத்தது என்றும் காட்ட வேண்டும் என்றார்கள். அந்தக் கணக்கோ அலுவலக அலமாரியில்! ஆயிரக்கணக்கானோர் கேட்டும் கிடைக்காமல் திரும்பினர். 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கெடு முடிந்தபின் வந்து நின்றனர். அவர்களுக்கு 2010-ல் இன்னொரு தீர்வு வேண்டியிருந்தது. பாகுபாட்டால் பாதிக்கப்பட்ட பல இனத்தாருமாக 43 ஆயிரம் பேருக்கு 2024-ல்தான் 200 கோடி டாலர் வழங்கப்பட்டது. அதற்குள் எத்தனை பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள்!

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? தொழுகையைப் பற்றியா, நோன்பைப் பற்றியா? இல்லை. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. அல்பகரா 282-ஐப் புரட்டிப் பாருங்கள். ஆகவே வாயால் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். எழுதிக் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள், நகலைப் பத்திரப்படுத்துங்கள். கமிட்டி அமைக்கும் நாளில் வீட்டில் இருக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். நம் ஜமாஅத்தில் ஜகாத் பங்கு வைக்கும்போது அந்த நாற்காலியில் இருப்பது நாம்தான். வாசலில் நிற்கும் விதவைப் பெண்ணின் மனு நம் அலமாரியில் தூங்கலாமா? மற்றவரிடம் நீதி கேட்பவன் தன் கையில் இருக்கும் அமானிதத்தை முதலில் நிறைவேற்றட்டும். அல்லாஹ் நமக்கு அந்த நல்வாய்ப்பைத் தருவானாக! ஆமீன்.